கீழ்க்கரைப் பாலரும் பொதுப்பணமும்

மருதமுனையின் கைத்தறிகளும் சாய்ந்தமருதின் மீன்வாடிகளும் நிந்தவூரின் நெல்வயல்களும் ஈழத்துக் கீழ்க்கரை முஸ்லிம் ஊர்களின் உழைப்புக்குச் சான்று பகர்வன. கல்முனையை நடுவாகக் கொண்ட இவ்வூர்கள் 1961ஆம் ஆண்டு வரை மட்டக்களப்பு மாவட்டத்திலும், அதன்பின் அம்பாறை மாவட்டத்திலும் அடங்கின. தறியிலும் தோணியிலும் வயலிலும் கூலிக்கு உழைத்தவரின் குழந்தை, பிறந்த நாள் முதல் பள்ளி புகும் நாள் வரை யாருடைய பொறுப்பில் வளர்ந்தது? அரசின் பணம் அக்குழந்தையை எப்பொழுது தேடி வந்தது? எவ்விடத்திலே நின்றுவிட்டது? இவ்வினாக்களுக்கு விடை கூறும் வரலாறு சிந்திக்கத்தக்கது.

முற்காலத்தில் இப்பொறுப்பு குடும்பத்துக்கே உரியதாயிருந்தது. கீழ்க்கரை முஸ்லிம்களிடையே தாய்வழிக் குடி முறை வழங்கி வந்தது. பெண்ணுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கப்படும். மணமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வான். ஆகவே தாய் வேலைக்குச் சென்றாலும் குழந்தைக்கு உம்மம்மாவின் மடியும் பெரியம்மாமாரின் முற்றமும் அண்மையிலே இருந்தன. சற்று வளர்ந்ததும் குர்ஆன் மத்ரஸா அதனை ஏற்றுக்கொண்டது. அங்கு ஓதிக் கொடுத்தவரை ஊராரே ஆதரித்தனர். இவ்வாறு ஏழை வீட்டுப் பிள்ளையும் ஊரின் பிள்ளையாகவே வளர்ந்தது.

அரசின் கை குழந்தையை முதன்முதல் தீண்டியது சுகாதாரத்தின் வழியாகவேயாம். 1926ஆம் ஆண்டில் களுத்துறையிலே தொடங்கப்பெற்ற சுகாதாரப் பிரிவு முறை காலப்போக்கில் நாடெங்கும் பரவியது. வீடு வீடாகச் சென்று கருவுற்ற தாயையும் கைக்குழந்தையையும் கவனிக்கும் மருத்துவ மாது, அரசாங்கச் சம்பளம் பெறும் உத்தியோகத்தர். தாயிடம் அவர் கட்டணம் கேட்பதில்லை. இலங்கையிற் சிசு மரணம் குறைந்தமைக்கு இவ்வேற்பாடு ஒரு முக்கிய காரணமென்பது அறிஞர் துணிபு.

கல்வியின் கதையோ வேறு. 1942ஆம் ஆண்டில் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ், போர்க்கால உணவுற்பத்திப் பணியோடு நில்லாது, கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் அமைத்தார். 1945இல் வறிய மாணவருக்கான இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவாவதற்கும் அவரே காரணராயினார். அதே ஆண்டிலே சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நாட்டுக்குக் கிட்டியது. பள்ளியின் அரிவரி வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை. ஆயினும் பள்ளியின் வாயில் ஐந்து வயதிலேதான் திறந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளைப் பற்றி அன்று பெரிதாகக் கேட்டவர் இலர். கேட்க வேண்டிய தேவையை உம்மம்மாவின் வீடு மறைத்திருந்தது எனலாம்.

1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் அவ்வாயிலை மேலும் தள்ளி வைத்தது. பள்ளி புகும் வயது ஆறாயிற்று. 1977இல் ஆட்சி மாறிய பின்னர் மீண்டும் ஐந்தாயிற்று. பாலர் பாடசாலைகள் தனியார் முயற்சியாகவும் சங்கங்களின் பணியாகவும் பெருகின. அவற்றுட் பெரும்பாலானவை பெற்றோரின் கட்டணத்தை நம்பியிருந்தன. பணமுள்ள வீட்டுப் பிள்ளை எழுத்தறிந்து பள்ளி புகுந்தது. தறிக்காரர் பிள்ளை வெறுங்கையோடு அதன் அருகிலே அமர்ந்தது.

பிற நாடுகள் இவ்விடைவெளியைப் பொதுப்பணத்தால் நிரப்ப முயன்றன. வறிய குடும்பங்களின் பாலருக்கென அமெரிக்கா 1965இல் ‘ஹெட் ஸ்டார்ட்’ திட்டத்தைத் தொடங்கியது. இந்தியா 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணியை ஆரம்பித்தது. உணவு, தடுப்பூசி, ஆரம்பக் கற்றல் ஆகிய மூன்றும் அங்கன்வாடி என்னும் ஒரே கூரையின் கீழ் வந்தன. தமிழ்நாட்டிலே 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளி புகாத பாலரையும் சேர்த்துக்கொண்டது.

இலங்கையில் அப்பணிகள் ஒன்றுசேரவில்லை. 1973 முதல் திரிபோஷா மா சுகாதார நிலையங்கள் வழியே தாய்மாருக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் இலவசமாக வழங்கப்பட்டது. பாலர் பாடசாலைகளைப் பதிவு செய்து மேற்பார்வை செய்யும் பொறுப்போ 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் மாகாண சபைகளைச் சேர்ந்தது. ஆகவே ஏழைக் குழந்தைக்கு ஊசியும் உணவும் அரசின் உரிமையாய்க் கிடைத்தன. ஆசிரியை மட்டும் அவ்வாறு கிடைத்திலர்.

இதற்கிடையிலே பழைய வீடும் தளர்ந்தது. வறுமையின் பொருட்டு மேற்காசிய நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் சென்ற தாய்மாரின் குழந்தைகளை முதிய உம்மம்மாவே சுமந்தார். 2004 திசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை, நாட்டிலேயே மிகுதியான உயிர்களை அம்பாறை மாவட்டத்திற் பறித்தது. பல குடும்பங்களில் அந்த உம்மம்மாவும் இல்லாதாயினர். பிறநாட்டு உதவியால் பாலர் பாடசாலைக் கட்டடங்கள் எழுந்தன. கட்டடம் ஒருமுறைக் கொடையால் எழும்; ஆசிரியையின் ஊதியமோ மாதந்தோறும் வேண்டும். மாகாணத்தின் பாலர் பாடசாலைக் கல்விப் பணியகம் அவர்களுக்குச் சிறு கொடுப்பனவு வழங்கலாயிற்று. 2015இல் உலக வங்கி நாடளாவிய பாலர் அபிவிருத்திக்கென 5 கோடி அமெரிக்க டொலர் கடனுதவிக்கு இசைந்தது.

2013இல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள தாய்மார் வீட்டுப் பணிக்காகக் கடல் கடப்பதைத் தடுக்கும் விதி வந்தது. பொருளாதார நெருக்கடி மிகுந்த 2022இல் அது தளர்ந்தது. ஐந்து வயதுக்கு முந்திய பருவம் பராமரிப்பின்றிக் கழியலாகாது என்பதை அவ்விதி ஒப்புக்கொண்டது. ஆனால் அப்பராமரிப்பின் செலவைத் தாயின் தலையிலேயே சுமத்தியது.

மருத்துவ மாதுக்குச் சம்பளம் கொடுத்த நாடு சிசு மரணத்தை வென்றது. அதே நாடு பாலர் ஆசிரியைக்கும் நிலையான சம்பளம் கொடுக்குமாயின், இலவசக் கல்வியின் வாயில் தறிக்காரர் பிள்ளைக்கும் உரிய காலத்தில் திறக்கும். ஊரும் உம்மம்மாவும் தனித்துத் தாங்கிய பாரத்தை அரசும் பங்கிட்டுக்கொள்வதே இவ்வரலாறு வேண்டி நிற்பதாகும்.