மார்கன் மூன்று சக்கர ஸ்போர்ட்ஸ் கார்

மார்கன் மூன்று சக்கர கார், இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரில் 1910 முதல் 1952 வரை தயாரிக்கப்பட்ட இலகுரக வாகனம். நம் ஊர் ஆட்டோவில் முன்னே ஒரு சக்கரம், பின்னே இரண்டு. மார்கனில் முன்னே இரண்டு, பின்னே ஒன்று. வண்டியின் மூக்கில் மூடி இல்லாமல் வெளியே தெரியும் ‘வி’ வடிவ இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் இதன் அடையாளம். ஏரோ, சூப்பர் ஸ்போர்ட்ஸ் ஆகிய ஸ்போர்ட்ஸ் வகைகள் பழுதுபார்த்துப் புதுப்பிக்கப்பட்டு இன்றும் விற்பனைக்கு வருகின்றன. எடையைக் கூட்டாமல் வேகத்தை எட்டிய வண்டிகளில் இதைப்போல் எளிமையானது அரிது.

தோற்றம்

ஹென்றி ஃபிரெடரிக் ஸ்டான்லி மார்கன் (1881–1959), ஹெரிஃபோர்ட்ஷயரின் ஸ்டோக் லேசி என்ற சிற்றூரில் பாதிரியாராக இருந்தவரின் மகன். ரயில்வே பட்டறையில் தொழில் பழகிவிட்டு மால்வெர்ன் லிங்க்கில் வண்டிப் பட்டறை நடத்திவந்தார். 1909-இல் பியூஜோவின் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றை வைத்து, தாம் ஓட்டுவதற்காகவே ஒரு மூன்று சக்கர வண்டியைக் கட்டினார். மால்வெர்ன் கல்லூரியின் பொறியியல் ஆசிரியர் ஸ்டீபன்சன்-பீச் இதற்குக் கைகொடுத்தார். வண்டியைப் பார்த்தவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்கத் தொடங்கியபின், தந்தையின் பண உதவியோடு அது தொழிலாக மாறியது. காப்புரிமைக்கான படங்களை வரைந்த இளைஞர் ஜான் பிளாக், பிற்காலத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியை நடத்தியவர். சென்னைக்கு அருகே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று உருவான கார் அந்தக் கம்பெனியின் வழிவந்ததுதான்.

1910 நவம்பரில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வைக்கப்பட்ட வண்டிகளைப் பலர் பாராட்டினர். ஒருவர் மட்டுமே அமரலாம் என்பதால் வாங்க முன்வந்தவர்கள் குறைவு. அடுத்த ஆண்டு இருவர் அமரும் வண்டி வந்ததும் நிலைமை மாறியது. லண்டனின் ஹாரட்ஸ் அங்காடி அதைத் தன் கண்ணாடிச் சாளரத்தில் காட்சிக்கு வைத்தது.

அமைப்பு

சட்டகம் முழுவதும் எஃகுக் குழாய்கள். நடுவே நீளும் பெரிய குழாய்தான் வண்டியின் முதுகெலும்பு. எஞ்சினிலிருந்து பின்னோக்கிச் செல்லும் சுழல்தண்டு அதற்குள்ளேயே ஓடுகிறது. தண்டின் பின்முனையில் பெவல் கியர் பெட்டி. அதன் குறுக்குத் தண்டில் வெவ்வேறு அளவில் இரண்டு பற்சக்கரங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு செயின் பின்சக்கரத்துக்குப் போகும். ஒரு செயின் மெது வேகத்துக்கு, மற்றது அதிவேகத்துக்கு. ஓட்டுநர் நெம்புகோலை நகர்த்தும்போது இரண்டில் ஒரு பற்சக்கரம் தண்டோடு பிணைகிறது. கியர் அமைப்பு அவ்வளவே. ரிவர்ஸ் கியர் கிடையாது. முட்டுச்சந்தில் நுழைந்துவிட்டால் இறங்கித் தள்ளித்தான் திருப்ப வேண்டும். மூன்று கியரும் ரிவர்ஸும் உள்ள பெட்டி 1931-இல்தான் வந்தது.

முன்சக்கரங்களின் சஸ்பென்ஷன் இந்த வண்டியின் அருமையான பகுதி. நிமிர்ந்து நிற்கும் தூண் ஒன்றில் சுருள்வில் கோத்து, சக்கரத்தின் அச்சு அதன்மேல் ஏறி இறங்கும்படி செய்திருந்தார் மார்கன். இரு சக்கரங்களும் தனித்தனியே மேடு பள்ளத்தைத் தாங்கும். பெரிய கார்களில்கூட அப்போது இந்த வசதி அரிது. நூறாண்டு கடந்தும் இதே அமைப்பை அந்நிறுவனம் தன் நான்கு சக்கர கார்களில் பயன்படுத்தியது.

ஜேஏபி, ஆன்சானி, மேட்ச்லெஸ் ஆகிய மோட்டார் சைக்கிள் எஞ்சின்களே பெரும்பாலும் பொருத்தப்பட்டன. 1,100 சிசிக்குச் சற்றுக் குறைவான ஜேஏபி எஞ்சின், சூப்பர் ஸ்போர்ட்ஸை மற்ற கார்களுக்கு ஈடாக ஓட வைத்தது.

பந்தயங்களும் வரியும்

1912-இல் புரூக்லாண்ட்ஸ் தடத்தில் மார்கனே ஓட்டி ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 60 மைல் கடந்தார். 1913-இல் பிரான்சின் ஆமியானில் நடந்த பந்தயத்தில் மார்கன் வண்டியை ஓட்டிய மெக்மின்னீஸ் முதலாவதாக வந்தார். ‘கிராண்ட் பிரீ’ மாடலின் பெயர் அதிலிருந்து பிறந்தது. 1924-இல் புரூக்லாண்ட்ஸில் ஒரு மார்கன் விபத்துக்குள்ளாகி ஓட்டுநரும் உடன் சென்ற உதவியாளரும் பலத்த காயமடைந்தனர். அதன்பின் நான்கு சக்கர கார்களோடு மூன்று சக்கர வண்டிகள் போட்டியிடத் தடை வந்தது. ஆனாலும் வேகச் சாதனைகள் நிற்கவில்லை. க்வெண்டா ஹாக்ஸ் என்ற பெண் பாரிஸ் அருகே மான்லெரி தடத்தில் மணிக்கு 115 மைலைத் (சுமார் 185 கி.மீ.) தாண்டி ஓட்டினார்.

சாதாரண மக்கள் இதை வாங்கியதற்கு வரியும் ஒரு காரணம். எடை குறைந்த மூன்று சக்கர வண்டிக்கு ஆண்டுக்கு 4 பவுண்டு. ஆஸ்டின் செவன் என்ற சிறிய நான்கு சக்கர காருக்கு அதைப்போல் இரு மடங்கு. 1935-இல் கார் வரி குறைந்ததும் அந்தச் சாதகம் சுருங்கியது. 1936-இல் மார்கனே நான்கு சக்கர காரைக் கொண்டுவந்தது. மூன்று சக்கர வண்டிகளில் ஃபோர்டு எஞ்சின் பொருத்திய ‘எஃப்’ வகை மட்டும் 1952 வரை நீடித்தது. 2011-இல் பழைய ‘வி’ எஞ்சின் மார்கனின் தோற்றத்தில் வெளிவந்தது வேறு வண்டி.

புதுப்பித்த வண்டியும் விற்பனையும்

பிரிட்டனின் வின்டேஜ் ஸ்போர்ட்ஸ்-கார் கிளப் 1930 முடிவு வரை செய்யப்பட்டவற்றையே வின்டேஜ் என ஏற்கிறது. ஆகவே இரண்டு கியர் ஏரோவுக்கும் தொடக்க கால சூப்பர் ஸ்போர்ட்ஸுக்கும் தனி மதிப்பு உண்டு. குடும்பப் பயன்பாட்டுக்கான சாதாரண மாடலின் உடலைக் கழற்றிவிட்டு, வண்டு முதுகுபோல் வளைந்த பின்பகுதியை மாட்டி, அதை சூப்பர் ஸ்போர்ட்ஸாக மாற்றியவர்கள் உண்டு. மாற்றியதில் தவறில்லை, மாற்றியதைச் சொல்லாமல் விற்பதுதான் தவறு. சட்டக எண், எஞ்சின் எண், பழைய பதிவு ஆவணம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும்.

பளபளக்கும் பெயின்டுக்கு அதிக விலை தருவது வீண். உடலின் ஆஷ் மரச் சட்டங்களையும் அவற்றின்மேல் அறைந்த தகட்டையும் புதிதாகச் செய்துகொள்ளலாம். கண் போகவேண்டிய இடங்கள் அடியில் இருக்கின்றன: குழாய்கள் சேரும் பிரேசிங் மூட்டுகளில் மயிரிழை விரிசல், பெவல் பெட்டியின் ஓட்டில் பிளவு, பின்சக்கரப் பற்சக்கரங்களில் கொக்கிபோல் தேய்ந்த பற்கள், தூண் புஷ்களின் ஆட்டம். முன்சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் கடைசியானது கையிலேயே தெரியும்.

எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். பெட்ரோல் குழாயைத் திறந்து, கார்புரேட்டரின் பொத்தானை அழுத்திப் பெட்ரோலை நிரம்பவிட்டு, தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளி, வால்வுகளைத் தூக்கிப் பிடித்தபடி ஹேண்டிலைச் சுற்றி, வேகம் வந்ததும் வால்வை விடுவிக்க வேண்டும். நன்றாகச் சீர் செய்யப்பட்ட ஜேஏபி சில சுற்றுகளில் பிடித்துக்கொள்ளும். வாங்குபவர் வருவதற்கு முன்பே விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலை மறுபடியும் வந்து பார்ப்பது நல்லது.