மண்ணில்லாச் சாகுபடிக்குக் காவல் யார்?



மண்ணே இல்லாமல், உரம் கரைத்த தண்ணீரிலேயே தக்காளியும் கீரையும் விளைவிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தொட்டிக்குள்ளே உணர்கருவி. அது சொல்லும் அளவைப் பார்த்து மோட்டார் தானாக ஓடுது, பண்ணைக்காரர் போனுக்குத் தகவல் வருது. இதெல்லாம் நேற்று முளைத்த வித்தை என்று எண்ணிவிடாதீங்க. இதற்கு முந்நூறு வருஷக் கதை உண்டு.

1699-ல் இங்கிலாந்தில் ஜான் உட்வர்ட் என்பவர் புதினாச் செடியை மழைத் தண்ணீரிலும், ஆற்றுத் தண்ணீரிலும், தோட்டத்து மண் கலக்கிய தண்ணீரிலும் வளர்த்துப் பார்த்தார். மண் கலந்ததில்தான் செழிப்பு அதிகம். அப்படியானால் மண்ணிலிருந்து செடிக்கு எதுவோ போகுதுன்னு தெரிந்தது. அது என்ன என்பதை 1860-களில் ஜெர்மனியில் சாக்ஸ், நாப் என்ற இரண்டு விஞ்ஞானிகள் காட்டினார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து முதலியவற்றைத் தரும் உப்புகளை அளந்து தண்ணீரில் கரைத்து, அதிலேயே செடி வளர்த்தார்கள்.

1929-ல் இதை விவசாயமாகவே செய்யலாம் என்றார் அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கெரிக். அவருடைய தக்காளி 25 அடி உயரம் ஏறியது. ஊரெல்லாம் ஒரே பேச்சு! ஆனால் அதே பல்கலைக்கழகத்து ஹோக்லாண்டும் ஆர்னனும் 1938-ல் நிதானமாகச் சொன்னார்கள்: நல்ல மண்ணில் விளைவதைவிடத் தண்ணீரில் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது.

சரி, கருவி எதற்கு என்று கேட்பீர்கள். மண்ணுக்குப் பொறுமை அதிகம். ஒரு பிடி உரம் கூடினாலும் பிடித்து வைத்துக்கொண்டு மெல்லக் கொடுக்கும். ஒரு நாள் தண்ணீர் கட்டாவிட்டாலும் ஈரம் காக்கும். தொட்டித் தண்ணீருக்கு அந்தக் குணம் கிடையாது. செடி குடிக்கக் குடிக்க உப்பும் மாறும், புளிப்பும் மாறும். அதனால் இரண்டு அளவுகளை ஓயாமல் பார்க்கணும். மின்கடத்தும் திறன் ஒன்று, கார அமில நிலை மற்றொன்று. உங்கள் மண் பரிசோதனை அட்டையில் இருக்கிற அதே இரண்டுதான். கார அமில நிலை பெரும்பாலான பயிருக்கு 5.5 முதல் 6.5-க்குள் நிற்க வேண்டும்.

அந்த நிலையை அளக்கும் மீட்டர் பிறந்த கதை சுவையானது. 1934-ல் கலிபோர்னியாவில், பழ விவசாயிகளின் கூட்டுறவில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வழி கேட்டார். அவருக்காக ஆர்னால்டு பெக்மன் செய்து கொடுத்ததுதான் அது.

பிறகு இங்கிலாந்தில் ஆலன் கூப்பர், சரிவான வாய்க்காலில் மெல்லிசாகத் தண்ணீரை ஓடவிட்டு வேரை நனைக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1970-களில் அது பரவியது. தண்ணீர்ச் செலவு குறைவு. ஆனால் வெயில் நேரத்தில் மோட்டார் நின்றால் சில மணி நேரத்தில் செடி தொங்கிவிடும். அதே காலத்தில் ஹாலந்துக் கண்ணாடி வீடுகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கருவிகளின் விலை குறையக் குறைய, இன்று சிறு பண்ணையிலும் அந்த வேலை நடக்குது.

இதில் ஒரு சங்கதியைக் கவனியுங்கள். கார அமில உணர்கருவி நாளாக ஆக அளவு பிசகும். 6 இருக்கும்போது 7 என்று காட்டினால், இயந்திரம் அதை நம்பி அமிலத்தை ஊற்றிக்கொண்டே இருக்கும். பயிர் போன பிறகுதான் நமக்குத் தெரியும்.

ஆகவே, கடன் வாங்கி இதில் இறங்க நினைப்பவர்கள் விற்பனைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கரண்ட் போனால் மோட்டார் எதில் ஓடும்? உணர்கருவியை, அளவு தெரிந்த கரைசலில் முக்கிச் சரிபார்க்க எனக்குக் கற்றுத் தருவீர்களா? பழுதானால் பார்க்க எத்தனை நாளில் ஆள் வருவார்? பதில் திருப்தியாக இருந்தால், முதலில் ஒரே ஒரு தொட்டியில் தொடங்குங்கள். கையால் அளக்கும் மீட்டர் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

இத்தனை கருவியும் சேர்ந்து செய்கிற காவலை உங்கள் வயல் மண் கூலி வாங்காமல் செய்கிறது. அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.