புள்ளி விழுந்த போர்டுகள்

செய்து வந்த எழுத்து சரியில்லை, திரும்பச் செய்து தா என்கிற சண்டை எங்கள் போர்டுத் தொழிலில் அன்றாடம் உள்ளது. தமிழ் எழுத்துக்கு அந்தச் சண்டை போர்டுகளைவிட மூத்தது. 1577இல் கோவாவில் ஜோவான் கொன்சால்வஸ் என்பவர் தமிழ் அச்செழுத்து வார்த்துக் கொடுத்தார். அது திருப்தி தரவில்லை. மறுவருஷம் கொல்லத்தில் ஜோவான் தெ பாரியா என்ற பாதிரியார் வேறொரு செட் வார்த்தார். அதற்குப் பிறகுதான் 1578 அக்டோபர் 20ஆம் தேதி ‘தம்பிரான் வணக்கம்’ என்ற புத்தகம் அச்சாகி வந்தது. பதினாறே பக்கம். கடைசிப் பக்கத்தில் கோவா எழுத்தும் கொல்லம் எழுத்தும் மாதிரிக்காக அச்சாகியிருக்கின்றன. தள்ளிவிட்ட சரக்கையும் ஏற்றுக்கொண்ட சரக்கையும் ஒரே தாளில் காட்டுகிற சப்ளையரை நான் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை.

இரண்டாவது வழக்கு எங்கள் ஊர்ப்பக்கம் நடந்தது. மயிலாடுதுறையில் கடை வைத்திருக்கும் எனக்குத் தரங்கம்பாடி பக்கத்து ஊர்தான். மாதத்தில் சில தடவையாவது ஏணியை வண்டியில் கட்டிக்கொண்டு அங்கே போகிறேன். சீகன்பால்கு என்ற பாதிரியார் 1706இல் அங்கே வந்து இறங்கினார். தமிழ் எழுத்துகளின் மாதிரி ஜெர்மனியில் ஹாலே நகருக்குப் போய், அங்கே வெட்டி வார்த்து, 1713இல் கப்பலில் வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்தால் எழுத்து பெரிய பெரிய எழுத்து. ஒரு பக்கத்தில் கொஞ்சம் வரிதான் கொள்ளும். காகிதமோ ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். புதிய ஏற்பாட்டில் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் அச்சேறியதும் காகிதத்துக்குத் தட்டுப்பாடு. மிச்சத்தைச் சின்ன எழுத்தில் 1715இல் முடித்தார்கள். அந்தச் சின்ன எழுத்தை ஹாலேயில் கேட்டுக் காத்திருக்கவில்லை, இங்கேயே வார்த்தார்கள். ஈயத்துக்கு என்ன செய்தார்கள் என்பதை அச்சு வரலாறு எழுதுகிறவர்கள் யாரும் விடாமல் சொல்வார்கள்: இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈயமூடிகளை உருக்கினார்களாம். ஆட்லர் என்ற ஜெர்மன்காரர் பொறையாரில் வார்ப்புப் பட்டறையே போட்டார்.

ஹாலேக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கண்ணால் பார்க்காத ஊரின் எழுத்தை மாதிரித் தாளை வைத்துக்கொண்டு எஃகில் வெட்டியவர்கள் அவர்கள். அளவுதான் பிசகியது. புகார் எழுதினால் கப்பல் போய்த் திரும்ப வருஷக்கணக்கு ஆகும். பதில் தாமதத்துக்குக் கடல்தான் காரணம். இன்றைக்கு எனக்குச் சரக்கு அனுப்புகிறவர் ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இருக்கிறார்.

நான் தொழிலுக்கு வந்தபோது சப்ளையர் என்று ஒருவர் கிடையாது. பெயிண்ட் கடை, தகரக் கடை, ஆசாரி, அவ்வளவுதான். தகரத்தில் சட்டம் அடித்து, ரெட் ஆக்சைடு பூசி, உப்புத்தாள் தேய்த்து, இரண்டு கோட் இனாமல் கொடுத்துக் காயவைத்தால் போர்டு தயார். நூலில் சுண்ணாம்புப்பொடி தடவி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் கோடு விழும். சாக்கட்டியால் எழுத்தை நிறுத்திப் பார்த்த பிறகு, எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த வாத்தியார் பிரஷ்ஷை எடுப்பார். இடது கையில் துணிக்குமிழ் கட்டிய ஒரு குச்சி, அதன்மேல் வலது மணிக்கட்டு. எழுத்து முழுவதும் முடிகிற வரைக்கும் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டார். கடைசியில் உருண்டை பிரஷ்ஷை எடுத்து, வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து எல்லாப் புள்ளியையும் ஒரே மூச்சில் வைத்துக்கொண்டு வருவார். “டேய் தம்பி, தாளைப் பார்த்து எண்ணுடா” என்பார். நான் எண்ணிச் சொன்ன பிறகுதான் பிரஷ் மண்ணெண்ணெய்க்குப் போகும். ஓலைச்சுவடி எழுதியவர்கள் ஓலை கிழியும் என்று புள்ளியையே விட்டுவிட்டார்கள். தகரம் கிழியாது, எங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை.

புகார் என்றால் அன்றைக்கு இப்படித்தான்: கடைக்காரர் சைக்கிளில் வருவார். “அண்ணே, மழைச்சாரல்ல ஓரம் உரியுது” என்பார். சாயங்காலம் ஏணியும் டப்பாவுமாகப் போய்த் தொட்டுவிட்டு வருவோம். ஒரு டீயோடு கணக்கு முடிந்தது.

கையால் எழுதிய போர்டுக்கு இன்னொரு வசதி, அரசாங்கம் எதை மாற்றினாலும் அதுவும் மாறும். பெரியார் 1935இலேயே தன் பத்திரிகையில் புழங்கிய சீர்திருத்த எழுத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. பதின்மூன்று எழுத்துகளுக்கு உருவம் மாறிற்று. நான் கடையில் சேர்ந்தபோதும் அந்த வேலை ஓய்ந்திருக்கவில்லை. ‘லை’யின் தும்பிக்கையைப் பின்னணி வண்ணத்தால் மூடிவிட்டு, முன்னால் இரட்டைச் சுழி போடுவோம். இரட்டைச் சுழிக்கு இடம் வேண்டுமே! அதற்காகப் பக்கத்து எழுத்தைக் கொஞ்சம் ஒடுக்குவோம். 1982இல் மாயூரம் மயிலாடுதுறை ஆயிற்று. நாலெழுத்து ஊர் ஆறெழுத்து ஊரானது. போர்டின் அகலம் அதேதான். வலது கீழ் மூலையில் இருந்த ஊர்ப் பெயரை அழித்து, மெலிந்த எழுத்தில் ஆறையும் உட்கார வைத்தோம். மாவட்டப் பெயரும் நிலைக்கவில்லை: தஞ்சாவூர் என்று எழுதியதை 1991இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றினோம், 2020இல் எங்களுக்கே தனி மாவட்டம். தஞ்சாவூரை அழிக்க ஒரு டப்பா பெயிண்ட் போதுமாக இருந்தது. நாகப்பட்டினத்தை எடுக்க வந்தபோது எழுத்தெல்லாம் ஸ்டீலாகவும் அக்ரிலிக்காகவும் ஆகியிருந்தது. ரிவிட்டைத் தட்டிக் கழற்றினால் பின்னால் வரிசையாக ஓட்டை. போர்டையே மாற்றச் சொன்னால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்த ஓட்டைகளோடு இன்றும் சில கடைகள் வியாபாரம் நடத்துகின்றன.

செய்து வாங்கும் எழுத்து திடீரென்று வந்ததில்லை. 1910இல் ஜார்ஜ் குளோத் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் எரித்துக் காட்டிய நியான் குழாய், பிற்பாடு நம் நகரங்களின் சினிமாக் கொட்டகைக்கும் ஜவுளிக்கடைக்கும் வந்தது. சிவப்புக்கு நியான், நீலத்துக்கு ஆர்கானும் பாதரசமும். குழாயை நெருப்பில் காட்டி வளைக்கிறவர்களுக்குத் தமிழின் வளைவு சுகம், புள்ளிதான் தொல்லை. தனியாக நிற்கும் புள்ளிக்கு மின்சாரம் போக வேண்டும். எழுத்திலிருந்து ஒரு குழாயை இழுத்துப்போய்ப் புள்ளியை வளைத்துவிட்டு, இழுத்த இடத்தில் கறுப்பு பெயிண்ட் அடித்து மறைப்பார்கள். அது கைவேலை தெரிந்தவன் கண்டுபிடித்த வழி. பிறகு ஃபிளெக்ஸ் வந்து எங்களில் பாதிப்பேரை ஆட்டோ ஓட்ட அனுப்பியது. அதைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது ஏ.சி.பி. என்கிற அலுமினிய ஷீட்டின்மேல் எல்.இ.டி. எரியும் லெட்டர். சுற்றுச்சுவர் அலுமினியம், முகம் அக்ரிலிக், உள்ளே 12 வோல்ட் எல்.இ.டி. மாட்யூல், பின்னால் அதற்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். தொழிற்சாலைகள் ஆங்கில எழுத்தை வைத்துப் பழகியவை. ஆங்கிலத்தில் பித்தளை எழுத்தும் ஸ்டீல் எழுத்தும் ஹார்டுவேர் கடையிலேயே ரெடிமேடாகத் தொங்கும். ஒன்று விழுந்தால் இன்னொன்று வாங்கி ஒட்டலாம். தமிழ் ‘ஞ’ எந்தக் கடையிலும் தொங்காது. ஒவ்வொன்றும் ஆர்டர். இத்தனைக்கும் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, வேறு மொழிக்கு இரண்டு. அதாவது போர்டில் மிகப் பெரிய எழுத்துக்குத்தான் மாற்றுச் சரக்கு கிடையாது.

கோளாறு வெட்டுவதற்கு முன்பே ஆரம்பிக்கும். ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் நான் அனுப்பிய பெயர் கோழிக்கிறுக்கலாகிவிடும். யூனிகோடில் அனுப்பினாலும் சில மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வெட்டுகிற பையனுக்குத் தமிழ் தெரியாது, மெஷினுக்கும் தெரியாது. இரண்டு பேரும் அப்படியே வெட்டி அனுப்பிவிடுவார்கள். எழுத்தைக் கோடாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும் என்பது இப்போது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பாடம்.

அடுத்தது வெயில். ஒரு மீட்டர் அக்ரிலிக் 30 டிகிரி சூடு ஏறினால் 2 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. மேற்குப் பார்த்த கடையில் தினமும் இந்த இழுபறி. ஒட்டு விட்டுப்போகும், இடுக்கில் மழை இறங்கும். மாட்யூல் 50,000 மணி நேரம் எரியும் என்று அட்டையில் அச்சடித்திருப்பார்கள். ராத்திரிக்குப் பத்து மணி நேரம் என்றால் பதின்மூன்று வருஷத்துக்கு மேல். மாட்யூல் இருக்கலாம், மூடிய பெட்டிக்குள் வேகிற எஸ்.எம்.பி.எஸ். இருக்காது. சில சிலிக்கோன் பசை காயும்போது வினிகர் வாடை அடிக்கும். வாடைக்குக் காரணமான அந்த அமிலம் செம்பையும் துத்தநாகப் பூச்சையும் அரித்துவிடும். ஸ்டீல் எழுத்தில் நடப்பது சுத்தமான ஏமாற்று. 304 ரகம் கேட்டால் 202 வரும்: நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவு ரகம். காந்தம் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டுமே ஒட்டாது, பளபளப்பும் ஒன்றுதான். மயிலாடுதுறையில் ஓரளவு தாங்கும். தரங்கம்பாடி உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் போதும், முகத்தில் தேமல் படர்வதுபோலத் துரு படரும்.

எல்லாவற்றுக்கும் மேல் புள்ளி. எழுத்து பெரிய பெட்டி, ஏழெட்டு ஸ்க்ரூ பிடிக்கும். புள்ளி சின்னக் குமிழ், அதைப் பசையில் ஒட்டி அனுப்புவார்கள். முதலில் விழுவது அது. விழாமல் நின்றாலும் உள்ளே மாட்யூல் வைக்க இடம் போதாமல் இருட்டாகவே விட்டிருப்பார்கள். கடற்கரைச் சாலையில் ஒரு மிட்டாய்க்கடைக்கு ‘ஸ்வீட்ஸ்’ என்று மாட்டினேன். பகலில் அது ஸ்வீட்ஸ், ராத்திரியில் ‘ஸவீடஸ’. கல்லூரிப் பிள்ளைகள் அதன் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரருக்கு விளம்பரம்தான், ஆனாலும் மனிதர் சந்தோஷப்படவில்லை.

சப்ளையருக்குப் போன் போட்டேன். “போட்டோ அனுப்புங்க சார்” என்றார்கள். அனுப்பினேன். “நைட்ல எடுத்த போட்டோ வேணும் சார்.” அதையும் அனுப்பினேன். வீடியோ கேட்டார்கள். இரண்டு நீல டிக் விழுந்தது, அதன்பிறகு பேச்சில்லை. பணம் வாங்குகிறவரைக்கும் பேசிய பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். புதிதாக வந்த பெண்ணுக்கு நான் ஆரம்பத்திலிருந்து கதை சொன்னேன். பாவம், பொறுமையாகக் கேட்டாள். வாரண்டி மாட்யூலுக்குத்தான், புள்ளிக்குள் மாட்யூலே இல்லாததால் வாரண்டியும் இல்லை என்று விளக்கினாள். சட்டப்படி அவள் சொன்னது சரி. சரி, மூன்று புள்ளியைக் காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். “புள்ளி மட்டும் தனியா போட மாட்டோம் சார், மினிமம் ஆர்டர் இருக்கு.”

மிச்ச ஏ.சி.பி. துண்டில் நானே மூன்று வட்டம் வெட்டி, வெள்ளை அடித்து, ஆளுக்கு இரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். எரியாது, ஆனால் விழாது. மேலே ஒரு சின்ன ஃபோகஸ் லைட் கட்டியதில் ராத்திரியிலும் தெரிகிறது. அதற்குப் பிறகு போகிற ஒவ்வொரு ஆர்டர் தாளிலும் சில வரிகளைச் சிவப்பு மையில் எழுதுகிறேன்: புள்ளியின் விட்டம் மாட்யூல் அகலத்துக்குக் குறையக்கூடாது; பசை கூடாது, போல்ட்; ஒவ்வொரு அளவிலும் உபரிப் புள்ளி இரண்டு, அதற்கு விலை தனியாகப் போட்டுக்கொள்ளலாம். சில கம்பெனிகள் இதைப் பார்த்ததும் கொட்டேஷனே அனுப்புவதில்லை. அனுப்புகிற ஒன்றிரண்டு பேரிடம்தான் இப்போது வாங்குகிறேன்.