பட்டியலில் யார் பெயர் இருக்கு? செஞ்சியிலிருந்து கொரோனா காலக் கணக்கு

செஞ்சின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ராஜா தேசிங்கு, ராஜகிரி ஏறும்போது வாங்குற மூச்சு, 2025 ஜூலையில் கிடைச்ச யுனெஸ்கோ அங்கீகாரம். இன்னைக்கு நாம கோட்டைக்குள்ள ஒரே ஒரு கட்டடத்தை மட்டும் பார்த்துட்டு வெளியே வந்துடப் போறோம். ராஜகிரி அடிவாரத்தில், கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் இருக்கிற நெற்களஞ்சியம்.

1690இல் முகலாயப் படை முற்றுகையிட்டது. கோட்டை விழுந்தது 1698இல். இதற்கு அரசியல் காரணங்கள் நிறைய உண்டு, ஆனா உள்ளே நெல் இல்லாம எந்தக் கோட்டையும் இத்தனை வருஷம் தாக்குப்பிடிக்காது. கஷ்ட காலத்தில் களஞ்சியத்தைத் திறக்கும்போது வர்ற கேள்விகள் எப்பவும் அதேதான்: யாருக்கு அளந்தோம்? யார் எழுதி வச்சாங்க? அந்தக் கணக்கை யார் பார்க்கலாம்?

இந்தக் கேள்விகளோட நேரா 2020க்கு வருவோம்.

மார்ச் 25, ஊரடங்கு. செஞ்சி கோட்டையால மட்டும் பிழைக்கிற ஊர் இல்லை. சுற்றுவட்டார நெல்லும் மணிலாவும் வந்து இறங்குற ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை, பஜார் கடைகள், இதெல்லாம்தான் ஊரோட ஓட்டம். எல்லாம் ஒரே ராத்திரியில் நின்னு போச்சு. மே 13 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கு 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தார்.

"3 லட்சம் கோடி கொடுத்தாங்க"ன்னு பலர் இன்னைக்கும் சொல்றாங்க. அரசு பணம் கொடுக்கலை. வங்கி கடன் கொடுக்கும். வாங்கினவர் கட்டலைன்னா அந்தக் கடனுக்கு அரசு 100 சதவீதம் பொறுப்பு. எவ்வளவு கிடைக்கும்? 2020 பிப்ரவரி 29 அன்று உங்களுக்கு வங்கியில் எவ்வளவு கடன் பாக்கி இருந்ததோ, அதில் 20 சதவீதம்.

பஜாரில் இரண்டு பேரைக் கற்பனை பண்ணிக்கோங்க. ஒருத்தர் அரிசி ஆலை வச்சிருக்கார், வங்கியில் 50 லட்சம் பாக்கி. அவருக்கு 10 லட்சம் வரை கிடைக்கும். எவ்வளவு நஷ்டம் ஆச்சுன்னு அவர் நிரூபிக்கத் தேவையில்லை. முந்தைய கடனில் 60 நாளுக்கு மேல தவணை தவறாம இருந்தா போதும். இன்னொருத்தர் தண்டல்காரரிடம் கடன் வாங்கி டீக்கடை போட்டவர். வங்கியில் அவருக்குக் கடனே இல்லை. பூஜ்யத்தில் 20 சதவீதம் பூஜ்யம்தான். திட்டத்தின் கதவு யாரையும் விரட்டலை. ஆனா ஏற்கெனவே வங்கிக்குள் இருந்தவங்களுக்குத்தான் அது திறந்தது. தெருவோர வியாபாரிகளுக்குன்னு ஜூன் மாசம் ஸ்வநிதி திட்டம் வந்தது. அதில் முதல் கடன் 10,000 ரூபாய் வரை. அதுக்கு உள்ளாட்சி அமைப்பின் அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேணும்.

அதே மாசங்களில் செஞ்சி இருக்கிற விழுப்புரம் மாவட்டம் வேறொரு காரணத்துக்காகத் தலைப்புச் செய்திக்கு வந்தது. பிரதமர் கிசான் திட்டம். விவசாயமும் தொழில்தானே, அதுவும் ரொம்பச் சின்ன முதலில் நடக்கிற தொழில். வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூணு தவணை. ஊரடங்கு வந்ததும் ஏப்ரல் தவணையை முன்கூட்டியே போட்டாங்க. இணையத்தில் தாங்களே பதிவு செய்யும் வசதியும் இருந்தது. பதிவை ஒப்புக்கொள்ள வேண்டியது வேளாண் துறை அதிகாரிகள். அவங்களோட பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தற்காலிக ஊழியர்கள், தரகர்கள், கம்ப்யூட்டர் சென்டர்கள் கைக்குப் போயிருந்தது.

ஆகஸ்டில் விஷயம் வெடித்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உட்பட 13 மாவட்டங்கள். சில மாசத்தில் சேர்ந்த புதுப் பெயர்களில் சுமார் ஐந்தரை லட்சம் பேர் தகுதியில்லாதவங்கன்னு அரசே சொன்னது. போன பணம் சுமார் 110 கோடி. வகுத்துப் பாருங்க: தலைக்குச் சராசரியா 2,000 ரூபாய், அதாவது ஒரே ஒரு தவணை. அதிலும் தரகர் பங்கு போகும். ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் கொடுத்தவங்களில் பலர், இது கொரோனா நிவாரணம்னு சொன்னதை நம்பித்தான் கொடுத்தாங்கன்னு அப்போ செய்திகள் வந்தன. மோசடின்னு தெரிஞ்சதும் என்ன நடந்தது? சிபிசிஐடி விசாரணை, கைதுகள், அதிகாரிகள் மேல நடவடிக்கை. பயனாளிகளின் வங்கிக் கணக்கிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்தாங்க. செப்டம்பருக்குள்ளேயே 61 கோடி திரும்ப வந்துடுச்சுன்னு மத்திய அரசு சொன்னது.

இந்த வேகத்தை நான் குறை சொல்லலை. பொதுப் பணம், திரும்பி வந்துதான் ஆகணும். ஆனா அந்த 2,000 ரூபாயைத் தேடிப் போன கண்ணு வேற பக்கம் எவ்வளவு தூரம் போச்சு?

பழைய கதை ஒண்ணு இருக்கு. 1876–78 தாது வருஷப் பஞ்சம். 1877இல் சென்னை மாகாணத்துக்கு வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணம் வீணாகுதுன்னு கணக்கை இறுக்கினார். நிவாரண வேலை செய்றவங்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் காசும்தான். ஒரு ராத்தல்னா அரை கிலோவுக்கும் குறைவு. அதுக்கும் மேல தூரச் சோதனைன்னு ஒண்ணு: வேலை செய்யத் தெம்புள்ளவருக்கு வீட்டிலிருந்து பத்து மைலுக்குள்ள வேலை கிடையாது. நிஜமாவே பசிச்சவன் நடந்து வருவான்னு கணக்கு. தானிய வியாபாரிகளுக்கு அந்த மாதிரி ஒரு சோதனையும் இல்லை. வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாதுன்னு அதற்குக் கொள்கையே இருந்தது. சென்னை அரசு அர்பத்நாட் கம்பெனி மூலமா 30,000 டன் தானியத்தை ரகசியமா வாங்கினதுக்கே கல்கத்தா கோபப்பட்டது.

சந்தேகம் யார் மேல விழுதுங்கிறதில் 1877க்கும் 2020க்கும் ஒரு ஒத்துமை இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

அவசரக் கடன் திட்டம் 2023 மார்ச் வரை நடந்தது. சுமார் 1.19 கோடி பேருக்கு, 3.6 லட்சம் கோடிக்கு மேல உத்தரவாதம். ஆரம்ப விதிப்படி 25 கோடி வரை பாக்கி வச்சிருந்த ஒரு நிறுவனம் 5 கோடி வரை கூடுதல் கடன் வாங்கலாம். அது கடன்தான், மானியம் இல்லை. பலர் கட்டவும் செஞ்சாங்க, பல ஆலைகள் அதனால்தான் மூடாம இருந்தன. ஆனா கட்டாத கடனுக்குப் பொறுப்பு நம்ம கஜானா.

அமெரிக்காவில் இதே மாதிரி சுமார் 800 பில்லியன் டாலர் திட்டம் ஒண்ணு நடந்தது. 'ஷேக் ஷாக்' பர்கர் கம்பெனி 10 மில்லியன் டாலர் வாங்கினது வெளியே தெரிஞ்சு கண்டனம் வந்ததும், 2020 ஏப்ரலிலேயே பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மொத்தப் பட்டியலையும் வெளியிட அரசு தயங்கியது. பத்திரிகைகள் வழக்குப் போட்டன. நீதிமன்ற உத்தரவால டிசம்பரில் எல்லாப் பெயரும் வெளியே வந்தது. பிரிட்டனில் இது மாதிரியான கடன்களில் நடந்த மோசடியை அரசு கையாண்ட விதத்தைக் கண்டித்து, அமைச்சர் ஆக்னியூ பிரபு 2022 ஜனவரியில் பிரபுக்கள் சபையில் பேசிக்கொண்டிருக்கும்போதே ராஜினாமா பண்ணிட்டு வெளியே நடந்தார்.

இங்கே? பிரதமர் கிசான் இணையதளத்தில் பயனாளிகள் பட்டியல்னு ஒரு பக்கம் இருக்கு. மாநிலம், விழுப்புரம் மாவட்டம், செஞ்சின்னு தேர்ந்தெடுத்துட்டுக் கிராமத்தைத் தட்டினா, 2,000 ரூபாய் வாங்குற விவசாயியின் பெயர் வந்துடும். யார் வேணா பார்க்கலாம். அதே செஞ்சி பஜாரில் அரசு உத்தரவாதத்தோட லட்சங்களில் கடன் வாங்கின நிறுவனங்களின் பெயரைத் தேடுங்க. அப்படி ஒரு பட்டியல் பொதுவில் இல்லை. மொத்தத் தொகை மட்டும் இருக்கு.