பாயும் பள்ளியும்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் சங்ககிரி பேருந்து நிலையத்தில் இந்தக் காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். திருச்செங்கோடு பஸ்ஸுக்காக ஒரு குடும்பம் காத்திருக்கும். தகரப் பெட்டி, அதன்மேல் சுருட்டிக் கட்டிய பாய், ஒரு தலையணை, புது பிளாஸ்டிக் வாளி. வாளிக்குள் சோப்பு டப்பாவும், ஊறுகாய் பாட்டிலும், தூக்குப் போசியில் முறுக்கும் இருக்கும். பெட்டி மூடியில் வெள்ளைப் பெயிண்டில் பையனின் பெயரும் வகுப்பும் எழுதியிருக்கும். "பையனைப் பள்ளிக்கூடத்துல உடப் போறோமுங்க" என்பார் அப்பா.

பாயோடும் தலையணையோடும் பள்ளிக்குப் போவது புதுப் பழக்கம்போலத் தோன்றலாம். ஆனால் 'பள்ளி' என்ற சொல்லின் பழைய பொருளே படுக்கை, படுக்கும் இடம் என்பதுதான். கோயிலில் சாமி துயிலும் அறை பள்ளியறை. விடியலில் துயில் எழுப்புவது பள்ளியெழுச்சி. நாமக்கல் மலையைக் குடைந்த கோயிலில் பாம்பணைமேல் சயனித்திருக்கும் அரங்கநாதர் பள்ளிகொண்ட பெருமாள். இந்தச் சொற்களிலெல்லாம் பள்ளி இன்னும் பிறந்த வீட்டிலேயே இருக்கிறது.

அது பாடம் படிக்கக் கிளம்பியது மலைக்குகைகளிலிருந்து. வீடு துறந்த சமண முனிவர்கள் தங்குவதற்கு மன்னர்களும் வணிகர்களும் குகைகளில் கல்லைச் செதுக்கிப் படுக்கை அமைத்துக் கொடுத்தார்கள். தலை வைக்கும் பக்கம் சற்றே உயர்த்திய, வழுவழுப்பான கல் படுக்கைகள். அவற்றின் அருகே தமிழ் பிராமி எழுத்தில் கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் இருக்கும். திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981-இல் அப்படி ஒரு கல்வெட்டு வெளிப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி என்பது அதன் செய்தி. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதே தகடூர் மன்னன்தான். தகடூர் என்பது சேலத்தை அடுத்த இன்றைய தருமபுரி.

சங்ககிரிப் பக்கமிருந்து காவிரியோடு தெற்கே போனால் கரூர் மாவட்டத்துப் புகளூர் ஆறுநாட்டார் மலை வருகிறது. சேரர் குலத்து இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் ஏற்றபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் மூத்த சமணத் துறவிக்கு அந்தக் குகையை வெட்டிக் கொடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. அங்கே தங்குமிடத்துக்கு வெட்டியிருக்கும் சொல் 'உறைய்'. இன்று நாம் எழுதும் 'உறைவிடப் பள்ளி' என்ற தொடரின் இரண்டு சொற்களும் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கல்லில் இருக்கின்றன.

அந்தத் துறவிகள் தங்கிய இடத்திலேயே பாடமும் சொன்னார்கள். கேட்க வந்தவர்களுக்குப் பள்ளி படிக்கும் இடமானது. 'கல்லூரி' என்ற சொல்லையும் சமண முனிவர் திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் காணலாம். நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் சமணரே. பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் அவர் ஊர் என்று கொங்கு நாட்டார் பெருமையோடு சொல்வார்கள். ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணவர் எப்படிக் கேட்க வேண்டும் என்று அந்நூலின் பொதுப்பாயிரம் வகுத்துச் சொல்கிறது.

சோழர் காலத்தில் பெயர்கள் பெருகின. கடிகை, சாலை, மடம் என்று பல. வீரராஜேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கோயில் கல்வெட்டில் மாணவர் விடுதி ஒன்றின் கணக்கே இருக்கிறது. சாப்பாட்டுக்கு நெல், இரவில் விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமை தலை முழுகவும் எண்ணெய். தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்தவர்கள் எழுதிய கணக்கு அது. ஆனால் வேதம் ஓதும் பிள்ளைகளுக்குத்தான் அந்த விடுதி. ஏர் பிடித்தவன் மகனுக்கு அங்கே பாய் விரிக்கவில்லை.

ஊர்ப் பிள்ளைகள் பள்ளியைக் கண்டது திண்ணையில். மணலில் விரலால் எழுதி, சட்டாம்பிள்ளையிடம் அடி வாங்கிப் படித்தார்கள். ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் கணக்கெடுக்கச் சொன்னபோது சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தார்கள். பிறகு வந்தது 'போர்டு ஸ்கூல்'. ஜில்லா போர்டு நடத்தியதால் அந்தப் பெயர். மலையேறினால் ஏற்காட்டில் 'போர்டிங் ஸ்கூல்'. அங்கே மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-இல் தொடங்கியது. இரண்டு சொல்லிலும் இருப்பது ஒரே ஆங்கிலப் பலகைதான். ஆட்சிக் குழு கூடி உட்காரும் மேசை ஒன்று. சோறு பரிமாறும் மேசை இன்னொன்று. ஆங்கிலேயர் விடுதிப் பள்ளிக்குச் சாப்பாட்டை வைத்துப் பெயரிட்டார்கள், நாம் படுக்கையை வைத்து.

அப்படி ஒரு விடுதியின் சாப்பாட்டுப் பந்தி தமிழ்நாட்டு வரலாற்றையே திருப்பியது. 1922-இல் வ.வே.சு. ஐயர் தொடங்கிய தமிழ்க் குருகுலம் சேரன்மாதேவியில் நடந்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப் பந்தி என்ற செய்தி வெளியே வந்தது. அதை எதிர்த்து முன்னால் நின்றவர்கள் இருவர். ஒருவர் ராசிபுரத்தில் பிறந்த வரதராஜுலு நாயுடு, மற்றவர் ஈரோட்டு ஈ.வெ.ரா. 1925-இல் ஈ.வெ.ரா. காங்கிரசை விட்டு வெளியேறியதில் அந்தப் பந்திக்கும் பங்குண்டு. பிள்ளைகள் ஒன்றாக உண்டு ஒன்றாக உறங்காத இடம் பள்ளியாகாது என்று அவர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பின் அரசு நடத்திய விடுதிகளுக்கு நல்ல தமிழ்ப் பெயர் அமைந்தது: உண்டு உறைவிடப் பள்ளி. கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் பழங்குடிப் பிள்ளைகள் பலருக்கு எழுத்து வந்தது அங்கேதான். தலைமுறையில் முதல் ஆளாகப் படித்த ஒருவர் வந்த வழியைக் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு விடுதியின் பெயரைச் சொல்வார்.

பின்னர் முட்டைக்கும் லாரிக்கும் ரிக் வண்டிக்கும் பெயர்போன நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரம் பிளஸ் டூ விடுதிப் பள்ளிகளுக்கும் பெயர்பெற்றது. மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் தகரப் பெட்டிகள் இங்கே வந்து இறங்கின. 2017-இல் அரசு பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை நிறுத்தியது. அதே ஆண்டு தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கைக்கும் நீட் வந்தது. பெட்டிகள் வருவது நிற்கவில்லை. இந்த விடுதிகளால் டாக்டரான, இன்ஜினியரான உழவர் வீட்டுப் பிள்ளைகள் ஏராளம். அந்த நன்மையை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். விடியற்காலை நாலரை மணிக்கு மணியடித்து, இரவு பதினொன்று வரை படிக்கவைக்கும் விடுதிகள் உண்டு. 13 வயதிலிருந்து 18 வயது வரை உள்ளவர்களுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. தூக்கத்தின் பெயரையே தாங்கிய இடத்தில் பிள்ளைகளுக்குத் தூக்கம் கிடைக்காமல் போவதை எப்படி ஏற்றுக்கொள்வது?

பெற்றோரே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கூடையோடு பிள்ளையைப் பார்க்கப் போவீர்கள். விடுதிக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இலை விரிப்பீர்கள். மார்க் எவ்வளவு என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். முதலில் தலையைத் தடவி, "கண்ணு, ராத்திரி நல்லாத் தூங்குனியா சாமி?" என்று கேளுங்கள்.