ஊர் பேர் தெரியாதவர்கள்: வாக்காளர் பட்டியலை வாசித்தல்

ஒருவனை ஒன்றுமில்லாதவனாக்கிவிட நம் பேச்சுவழக்கில் மூன்று சொற்கள் போதும்: ‘ஊர் பேர் தெரியாதவன்’. ஊரும் பேரும் உள்ளவனே ஆள். மற்றவன் நாடோடி, பரதேசி, வந்தேறி. இந்த வசைகள் எல்லாமே ஓரிடத்தில் கால் தரிக்காதவர்களைக் குறித்து எழுந்தவை. மறுபக்கத்தில் ‘குடி’ என்ற சொல் நிற்கிறது. குடியிருப்பு, குடியானவன், குடிமகன், குடியுரிமை என்று நவீன அரசியலின் ஆதாரச் சொற்கள் வரை அதிலிருந்து கிளைக்கின்றன. முடிதிருத்துபவரையும் துணி வெளுப்பவரையும் ‘குடிமக்கள்’ என்று அழைத்த கிராமத்து வழக்கு இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. அங்கே அதற்கு ஊருக்குக் கட்டுப்பட்டவர் என்று பொருள். அதே சொல்லை எடுத்து ‘உரிமை உள்ளவர்’ என்று நாம் பொருள் மாற்றினோம். சொல்லின் பொருள் மாறிய அளவுக்கு அதற்குள் இருக்கும் எண்ணம் மாறியதா?

இந்தக் கேள்விக்கு விடை தேட வாக்காளர் பட்டியலையே ஒரு பிரதியாக எடுத்து வாசிக்கலாம். பாகம், தெரு, வரிசை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். இந்தப் பெயர்கள் அகரவரிசையில் அடுக்கப்பட்டவை அல்ல. வீடுகளின் வரிசையில் அடுக்கப்பட்டவை. வீடுதான் இங்கே எழுவாய். அதில் வசிக்கும் ஆள் பயனிலை.

2

மக்களாட்சிப் பெருமை பேசுகிறவர்கள் தவறாமல் உத்தரமேரூருக்குப் போய்விடுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் (கி.பி. 921) கல்வெட்டு முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் வாரியத்துக்கு ஆள் எடுத்ததைச் சொல்கிறது. கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது என்ற விதி இன்றைக்கும் ஏங்கத் தக்கதுதான். ஆனால் யார் பெயரை ஓலையில் எழுதலாம்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். 35 வயதுக்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். அது ஒரு பிராமணச் சபை. அந்த நிலத்தில் இறங்கி உழுதவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது. நிலம், வீடு, பெயர் என்ற வரிசை அப்போதே கல்லில் வெட்டப்பட்டுவிட்டது.

வெள்ளைக்காரன் இந்த வரிசையைக் கலைக்கவில்லை, காகிதத்துக்கு மாற்றினான். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1920இல் சென்னை மாகாணத்தில் நடந்த தேர்தலில் வாக்கு என்பது வரி கட்டியதற்கான ரசீது. 1921இல் பெண்களுக்கிருந்த தடையை சென்னைச் சட்டமன்றம் நீக்கியது. பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணங்களில் அதுதான் முதல். எனினும் சொத்துத் தகுதி அப்படியே நின்றதால் தன் பேரில் சொத்துள்ள பெண்ணுக்கே அது பயன்பட்டது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் எல்லையை விரித்தபோதும் கூலிக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் வெளியேதான் நின்றார்கள். கணவனின் சொத்தை வைத்து மனைவிக்கு வாக்கு என்ற ஏற்பாடும் அப்போது வந்தது. பெண் அங்கே வீட்டின் வழியாகவே வாக்காளர் ஆனாள்.

3

இந்தத் தொடர்ச்சியில் உண்மையான உடைப்பு 1947-50இல் நிகழ்ந்தது. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்பதை அரசியல் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, அதை எழுதிக்கொண்டிருந்த அவையின் செயலகம் நிர்வாக வேலையாகத் தொடங்கிவிட்டது. 1948 மார்ச்சில் மாகாணங்களுக்குப் போன அறிவுறுத்தல், பட்டியலில் சேர ஓரிடத்தில் 180 நாள் வசித்திருக்க வேண்டும் என்றது. பிரிவினையில் எல்லாவற்றையும் விட்டு ஓடிவந்தவன் 180 நாளுக்கு எங்கே போவான்? அகதிகள் கேட்டார்கள், மனுப்போட்டார்கள். கடைசியில், இங்கேயே நிலையாக வசிக்கப்போகிறேன் என்ற உறுதிமொழி ஒன்றே போதும், பெயரை எழுதிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. இதை நாம் போதிய அளவு நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. வீடில்லாதவனைச் சேர்க்க அரசு மனம் வைத்தால் விதி வளையும் என்பதற்கு நம் குடியரசின் முதல் பட்டியலே சான்று.

அதே பட்டியல் எதிர்ச்சான்றும் தருகிறது. 1951-52 தேர்தலுக்கு 17 கோடிக்கு மேற்பட்டோர் பதிவானார்கள். ஆனால் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்திய பாரத், விந்தியப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் பெண்கள் பலர் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே எழுதப்பட்டார்கள். தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் விடுபட்டுப்போனார்கள். ஊர் இருந்தது, பேர் இல்லை. சென் செய்தது கண்டிப்பு. அதன் பயனாக அடுத்த தேர்தலில் பெண்கள் பேரோடு வந்தார்கள் என்றும் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் பேரைச் சொல்லவிடாத வீட்டுக்குத் தண்டனை இல்லை, சொல்ல முடியாதவளுக்குத்தான் தண்டனை.

4

‘இவன் இந்த ஊர்க்காரன்தானா’ என்ற கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தமிழர்களாகிய நாம் கடலுக்கு அப்பால் பார்த்திருக்கிறோம். இலங்கையில் 1931இல் எல்லோருக்கும் வாக்கு வந்தது. தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் ஒரு ‘ஆனால்’ வைத்தார்கள். இலங்கையே தன் நிலையான இருப்பிடம் என்று நிறுவ வேண்டும், அல்லது படிப்போ சொத்தோ காட்ட வேண்டும், அல்லது நிரந்தரமாகக் குடியேறியதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த வடிகட்டியையும் தாண்டி 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் தேர்தல் சட்டம் திருத்தப்பட்டது. மலையகத்தின் பெயர்கள் பட்டியலிலிருந்து உதிர்ந்தன. மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003 வரை சட்டம் போட வேண்டியிருந்தது. அவர்களுக்கு எதிராகச் சொல்லப்பட்ட வாதம் எளிமையானது: இவர்கள் பிழைக்க வந்தவர்கள், இந்த மண்ணில் இவர்களுக்கு நிலைத்த அக்கறை இல்லை. தேயிலைக்குள் மூன்று தலைமுறை எலும்பைப் புதைத்தவனிடம் அக்கறைக்குச் சான்றிதழ் கேட்டார்கள்.

இந்த வாதத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளக் கேட்கிறேன். திரும்ப வருகிறேன்.

5

ஊரில் இல்லாதவர் வாக்களிப்பது எப்படி? இந்தியச் சட்டத்தின் எழுத்து நாம் நினைப்பதைவிடத் தாராளமானது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, வீடு சொந்தமாக இருப்பதாலேயே ஒருவர் அங்கு வசிப்பவர் ஆகிவிடமாட்டார் என்கிறது. தற்காலிகமாக வெளியே போனதாலேயே வசிப்பவர் என்ற நிலையை ஒருவர் இழக்கவும் மாட்டார் என்கிறது. வீடற்றவர் விஷயத்தில் தேர்தல் ஆணையத்தின் கையேடு முகவரிச் சான்று கேட்பதில்லை. சாவடி நிலை அலுவலர் இரவில் போய் அந்த ஆள் அங்கே படுத்துறங்குகிறாரா என்று பார்த்தால் போதும். நடைபாதையும் முகவரிதான். ஆனால் பகலெல்லாம் அங்கன்வாடியிலோ பள்ளியிலோ வேலை பார்த்துவிட்டு இந்தக் கூடுதல் சுமையையும் சுமக்கிற அந்த அலுவலர், எத்தனை இரவு பாலத்தடியில் நின்று பார்க்க முடியும்?

வாக்களிக்கும் இடம் வந்ததும் இந்தத் தாராளம் சுருங்கிவிடுகிறது. அஞ்சல் வாக்கு யாருக்கு என்ற வரிசையைப் பாருங்கள். படைவீரர், மாநிலத்துக்கு வெளியே பணிபுரியும் ஆயுதப் போலீஸ், வெளிநாட்டில் இருக்கும் அரசு ஊழியர், தேர்தல் பணியாளர், தேர்தல் நாளில் வேலையில் இருக்கும் சில அத்தியாவசியத் துறையினர். படைவீரர் 2003 முதல் பதிலாள் வைத்தும் வாக்களிக்கலாம். 2016 முதல் அவருக்கு வாக்குச்சீட்டு மின்வழியில் போகிறது, தபாலில் திரும்பி வருகிறது. அவரோடு வசிக்கும் மனைவிக்கும் அதே சலுகை உண்டு. பெண் அதிகாரியின் கணவனுக்கு அது இல்லை. ‘மனைவி’ என்ற சொல்லை ‘வாழ்க்கைத்துணை’ என்று மாற்ற 2021 ஆனது.

முறையில் குறையில்லை. சீட்டை உள் உறையில் இட்டு ஒட்டி, சான்றொப்பம் பெற்ற உறுதிமொழியை அதனோடு சேர்த்து வெளி உறைக்குள் வைக்க வேண்டும். எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்குள் அது வந்து சேர வேண்டும். உறுதிமொழி பழுதானால் உள் உறை பிரிக்கப்படுவதே இல்லை. யார் என்பதையும் யாருக்கு என்பதையும் இரண்டு காகித உறைகள் பிரித்துவைக்கின்றன. 2019இல் 80 வயது கடந்தோரும் மாற்றுத்திறனாளிகளும் இந்த வரிசையில் சேர்ந்தார்கள். அந்த வயது பிறகு 85 ஆயிற்று. அலுவலர்கள் வீட்டுக்கே வந்து வாக்கை வாங்கிப் போகிறார்கள். நல்ல காரியம். ஆனால் இங்கும் சாவடி தேடிப்போவது வீட்டில் இருப்பவரைத்தான்.

சிறையில் இருப்பவர் நிலை இன்னும் விசித்திரம். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62(5) பிரிவின்படி, ஜாமீன் கட்ட வக்கில்லாத விசாரணைக் கைதிக்கு வாக்கு கிடையாது. தடுப்புக் காவலில் இருப்பவருக்கு உண்டு, அதுவும் அஞ்சலில். 1997இல் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையைச் செல்லும் என்றது. வெளிநாட்டில் இருக்கும் இந்தியர் 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பட்டியலில் ஏறினார். கடவுச்சீட்டோடு தன் ஊர்ச் சாவடிக்கே வந்தால்தான் வாக்கு. காஷ்மீரிலிருந்து இடம்பெயர்ந்தோருக்கு ஜம்முவிலும் டெல்லியிலும் சிறப்புச் சாவடிகள் வைக்கிறார்கள். ஆக, தூரம் ஒரு தடையே அல்ல. யாருடைய தூரம் என்பதுதான் விஷயம். அரசு தன் வேலையாக அனுப்பிய ஆளின் இல்லாமையை மதிக்கிறது. வயிற்றுப்பாடு துரத்திவிட்ட ஆளின் இல்லாமைக்குப் படிவமே இல்லை. தேர்தல் நாளில் சம்பளத்தோடு விடுமுறை என்கிறது சட்டம். ஒருநாள் விடுப்பில் திருப்பூரிலிருந்து தர்பங்காவுக்குப் போய்த் திரும்ப எந்த ரயில் இருக்கிறது?

2022 டிசம்பரில் ஆணையம் தொலைவாக்கு இயந்திரம் ஒன்றை அறிவித்தது. ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள். எதிர்க்கட்சிகள் ஐயம் எழுப்பின, திட்டம் நின்றுபோனது. ஐயத்தில் நியாயம் இருக்கிறது. செங்கல் சூளையில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடப்பவன் மேஸ்திரியின் கண்முன் போடும் வாக்கு யாருடைய வாக்கு? முகவர் இல்லாத சாவடியை யார் கண்காணிப்பது? ஆனால் இதையே சாக்காக வைத்து அந்தப் பேச்சையே மூடிவைத்ததும் அரசியல்தான்.

6

2025இல் பீகாரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தது. வரைவுப் பட்டியலில் ஏறத்தாழ 65 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றில் சுமார் 22 லட்சம் இறந்தவர்கள் என்றும், சுமார் 36 லட்சம் நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்கள் அல்லது கண்டுபிடிக்க முடியாதவர்கள் என்றும் சொல்லப்பட்டது. நீக்கப்பட்ட பெயர்களை வெளியிட வைக்க உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. சாவடி அதிகாரியிடம் வழக்கமாகத் தரப்படும் ஒரு பட்டியல் உண்டு: இல்லாதவர், இடம்மாறியவர், இறந்தவர். மூவரும் ஒரே தாளில். இல்லாதவன் செத்தவனுக்குப் பக்கத்து வரிசையில் நிற்கிறான்.

அந்த 36 லட்சத்தில் ஒரு பகுதியினர் நம் பின்னலாடைக் கூடங்களிலும் கட்டிட வேலைகளிலும் இருப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. திருப்பூர்ப் பக்கம் ஓர் அறையில் ஆறு பேரோடு தங்கியிருந்த ஒருவரிடம் கேட்டேன். ஏழு வருடத் தமிழில் சொன்னார்: “அங்க போனா, நீ இங்க இல்லைன்றாங்க. இங்க கேட்டா, நீ அங்கத்த ஆளுன்றாங்க.” அவர் இங்கே பெயரைச் சேர்க்கச் சட்டம் தடையில்லை. விடுதி மாணவன் தன் ஊரிலோ விடுதியிலோ விருப்பப்படி பதிந்துகொள்கிறானே. ஆனால் வாடகைச் சீட்டு எழுதித்தர வீட்டுக்காரர் தயாரில்லை. ஊராட்சித் தேர்தலுக்கான பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஆகவே அங்கே இல்லாத பெயர் வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியம், மாவட்டம் என்ற நான்கு வாக்குகளிலும் இல்லை. கிராமசபை என்பதற்கு அரசியல் சட்டம் தரும் விளக்கமே அந்தக் கிராமத்தின் பட்டியலில் உள்ளோர் என்பதுதான். தெருக்குழாய் பற்றிப் பேசும் சபையில், அந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பவர் உறுப்பினர் இல்லை.

2025 நவம்பரில் இந்தத் திருத்தம் தமிழ்நாட்டிலும் தொடங்கியது. வடக்கத்தியான் இங்கே வாக்காளன் ஆகிவிடுவான், நம் அரசியலையே மாற்றிவிடுவான் என்ற குரல் கட்சி பேதமின்றி எழுந்தது. நம் முற்போக்கு நண்பர்கள் சிலரும் அதில் சேர்ந்துகொண்டார்கள். மாநில உரிமை பறிபோகும் என்ற அச்சத்தை நான் ஒதுக்கவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால் அந்த அச்சத்துக்கு விடை டெல்லியோடு நடத்த வேண்டிய சண்டையில் இருக்கிறது, அறுபது மணிநேரம் தையல் எந்திரத்தில் குனிந்திருப்பவன் பெயரை அடிப்பதில் இல்லை. பிழைக்க வந்தவன், மண்ணில் அக்கறை இல்லாதவன், கூட்டமாக வாக்கைத் திருப்பிவிடுவான் என்று கொழும்பு 1948இல் பேசியதை மலையகத்துக்காகக் கண்ணீர் வடித்த நாமே இன்று தமிழில் பேசுகிறோம். மலையகத் தமிழருக்கு அன்று குடியுரிமையே மறுக்கப்பட்டது. இவரோ இந்த நாட்டுக் குடிமகன் என்பதில் தகராறே இல்லை. அப்படியிருந்தும் ஓர் ஊர் அவர் பெயரை அடிக்கிறது, இன்னோர் ஊர் எழுத மறுக்கிறது.

1948இல் அகதியின் வாய்மொழி உறுதியை ஏற்றுப் பெயர் எழுதிய குடியரசு இது. தொழிலாளிக்கும் அதே உறுதிமொழி போதும் என்று கேட்பது புதிய கோரிக்கை ஆகாது. அவர் தன் ஊரிலேயே வாக்களிக்க விரும்பினால் படைவீரனுக்குப் போகும் உறை அவருக்கும் போகட்டும். இங்கே வாக்களிக்க விரும்பினால் இங்கே எழுதுவோம். தேர்வு அவருடையதாக இருக்க வேண்டும். மேஸ்திரியின் பிடியை உடைப்பது சங்கங்களின் வேலை, அதாவது நம் வேலை. அடுத்த திருத்தத்தின்போது நம் தெருவுக்கு வரும் அலுவலரோடு, நம் வீட்டோடு நின்றுவிடாமல் பின்புறத்துக் கொட்டகை அறைகள் வரை நடந்து போனால், இந்தக் கட்டுரையைவிடப் பெரிய காரியம் நடக்கும்.