ஹார்ட் டிஸ்க் ஏற்றக் கோளாறு

வீட்டுச் சேமிப்பு சர்வரில் பொருத்திய ஹார்ட் டிஸ்க்கை இயங்குதளம் தன் கோப்புறை அமைப்போடு இணைக்க முடியாத நிலை. இணைக்கும் செயலை 'மவுன்ட்' என்பர்.

காரணங்கள்: தளர்ந்த சாட்டா கேபிள், போதாத மின்சாரம், பழுதான செக்டார்கள், தவறான அமைப்புக் குறிப்பு ஆகியவை பொதுவானவை. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனால் கோப்பு முறைமை சிதையலாம். யூபிஎஸ் இதைத் தடுக்கும். லினக்ஸில் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற டிஸ்க் பெயர்கள் மறுதொடக்கத்தில் மாறக்கூடும். ஆகவே மவுன்ட் விவரங்கள் அடங்கிய எஃப்எஸ்டேப் கோப்பில், மாறாத அடையாளமான யூயூஐடி எண்ணைக் குறிப்பதே பாதுகாப்பு. 'நோஃபெயில்' என்று சேர்த்தால், டிஸ்க் கிடைக்காவிட்டாலும் சர்வர் துவங்கும்.

சோதனை: முதலில் பயாஸிலும் எல்எஸ்பிஎல்கே கட்டளையிலும் டிஸ்க் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பார்க்கலாம். தெரிந்தால் டிமெஸ்ஜி பதிவையும், டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையையும் படிக்க வேண்டும். நிலுவை செக்டார்களின் எண்ணிக்கை ஏறினால் டிஸ்க் தேய்கிறது எனலாம். உடனே டிடிரெஸ்கியூ கொண்டு முழுப் படி எடுக்க வேண்டும். எஃப்எஸ்சிகே பழுதுநீக்கத்தை அந்தப் படியிலேயே நடத்துவது நல்லது. மவுன்ட் ஆன பகிர்வில் நடத்தவே கூடாது. 'டிக் டிக்' ஒலி கேட்டால் மின்சாரத்தை நிறுத்தி, தரவு மீட்பு வல்லுநரை நாட வேண்டும்.

பல டிஸ்க்குகளை ஒன்றிணைக்கும் ரெய்ட் அமைப்பு காப்புப்பிரதிக்கு ஈடாகாது. முக்கியக் கோப்புகளுக்கு மூன்று படிகள் வையுங்கள். அவற்றுள் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.